"மனசிலாச்சா?" என்று கேட்பதை நிறுத்துங்கள்: டிஸ்சார்ஜ், ரெஃபர், வார்டு மாற்றம் பற்றிப் பேச நர்ஸ்களைப் பழக்கும் முறை

கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் "உறவினருக்கு விளக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். நாலு நாள் கழித்து அதே நோயாளி மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்குத் திரும்புவார். விசாரித்தால், உணவு கொடுக்க மூக்கு டியூப் இருக்கும்போதே வாய் வழியாக ரெண்டு கரண்டி கஞ்சி கொடுத்திருப்பார்கள். "சொல்லித்தானே விட்டோம்" என்பார் சிஸ்டர். "எங்ககிட்ட யாரும் சொல்லல" என்பார் மருமகள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. சிஸ்டர் சொன்னது மகனிடம், கஞ்சி கொடுத்தது மருமகள்.

குமரி மாவட்ட மருத்துவமனைகளில் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வார்டு பொறுப்பாளர்களுக்காகவும் நர்சிங் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறோம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆனாலும், தாலுகா மருத்துவமனை ஆனாலும், நாற்பது படுக்கை தனியார் மருத்துவமனை ஆனாலும் முறை ஒன்றுதான். நர்ஸ்களுக்குப் பேசத் தெரியும். வீட்டார் வாயிலிருந்து பதிலை வாங்கத்தான் பழக்க வேண்டும். அதற்குச் சொற்பொழிவு உதவாது; நடித்துப் பார்க்க வேண்டும்.

வகுப்புக்கு முன்

ஒரு குழுவில் 9 பேர் போதும், மூன்று மூன்று பேராகப் பிரிக்க வசதியாக இருக்கும். ஒன்றரை மணி நேர அமர்வு நான்கு, வாரத்துக்கு ஒன்று. நைட் டியூட்டி முடிந்து வருகிறவரை உட்கார வைத்தால் அவர் தூங்கத்தான் செய்வார். அதனால் ஒவ்வொரு அமர்வையும் அந்த வாரத்திலேயே இரண்டு முறை, வேறு வேறு நாளில் நடத்துங்கள்.

மேசையில் இருக்க வேண்டியவை: பெயரும் அடையாளமும் மறைத்த மூன்று டிஸ்சார்ஜ் சம்மரிகள், காலி மாத்திரை அட்டைகள் ஒரு பை நிறைய, இன்சுலின் போடும் யு-40 சிரிஞ்சும் யு-100 சிரிஞ்சும், இன்சுலின் காலிக் குப்பியில் சலைன், ரைல்ஸ் டியூப் (மூக்கு டியூப்), யூரின் பை, 50 மி.லி. சிரிஞ்ச், தலையணை நான்கு. படம் போட்டுக் காட்டும் ப்ரொஜெக்டரைத் தவிர்த்துவிடுங்கள். அது இருந்தால் வகுப்பு தானாகவே சொற்பொழிவாகிவிடும்.

நடிப்பதற்கான அட்டைகளில்தான் பயிற்சியின் உயிர் இருக்கிறது. ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு பக்கம். முன்பக்கம் நர்ஸுக்கு, பின்பக்கம் உறவினராக நடிப்பவருக்கு மட்டும். பின்பக்கத்தில் ஒரு ரகசியம் இருக்கும். நர்ஸ் கேட்டால் மட்டுமே அது வெளியே வரலாம். மூன்று மாதிரிகள்:

முதல் அட்டை. குலசேகரம் பக்கத்துப் பால்வெட்டு (ரப்பர் மரத்தில் பால் எடுக்கும்) தொழிலாளி, வயது 62, பக்கவாதம், மூக்கு டியூபோடு வீட்டுக்குப் போகிறார். ரகசியம்: வீட்டுக்குப் போனதும் ஆசானிடம் (நாட்டு வைத்தியரிடம்) காட்டி எண்ணெய் தேய்க்க ஏற்பாடு செய்தாயிற்று.

இரண்டாவது. கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) வேலை பார்க்கும் பெண், வயது 48, புதிதாக இன்சுலின். ரகசியம்: காலையில் தேயிலைத் தண்ணி மட்டும் குடித்துவிட்டு வேலைக்குப் போவார், சாப்பாடு பத்து மணிக்குத்தான். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை.

மூன்றாவது. தூத்தூர் மீனவர், வயது 51, மாரடைப்பு, ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரகசியம்: போட்டில் ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாதம் வரை கரை திரும்பமாட்டார். கையில் கொடுத்திருப்பதோ 15 நாள் மாத்திரை.

உங்கள் வார்டுக்கு ஏற்ற அட்டைகளை நீங்களே எழுதிக்கொள்ளலாம். ரகசியம் நிஜத்தில் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

யாரிடம் பேசுவது

முதல் அமர்வு முழுக்க இந்த ஒரு கேள்விதான். கட்டில் பக்கத்தில் நிற்பவர் வேறு, வீட்டில் பார்க்கப் போகிறவர் வேறு, முடிவு எடுப்பவர் வேறு. இந்த மாவட்டத்தில் மூன்றாமவர் பல வீடுகளில் வளைகுடாவில் இருப்பார், அல்லது கடலில் இருப்பார்.

நோயாளி சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் நர்ஸ் கேட்டு எழுத வேண்டியவை நான்கு: வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பது யார், குளிப்பாட்டித் திருப்பிப் படுக்கவைப்பது யார், செலவையும் சிகிச்சையையும் முடிவு செய்வது யார், அவர்களில் யாரிடமெல்லாம் தன் நோயைப் பற்றிப் பேசலாம் என்று நோயாளி சம்மதிக்கிறார். நான்காவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நோயாளிக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவரிடம் கேட்காமல் அண்ணன் மகனுக்கும் மச்சானுக்கும் விவரம் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

ஐந்து உறவினர் ஐந்து ஷிப்டில் ஐந்து சிஸ்டரிடம் கேட்டால் ஐந்து விதமான பதில் கிடைக்கும். பிறகு வார்டில் சண்டை நடக்கும். அதனால் வீட்டார் சார்பில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அவர் பெயரையும் போன் எண்ணையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வெளிநாட்டு மகன் வீடியோ காலில் வருவார் என்றால் அதற்கும் நேரம் குறியுங்கள். இங்கே இரவு 8 மணி என்றால் துபாயில் 6:30, ரியாத்தில் 5:30. வேலை முடிந்த நேரமாக இருந்தால் அவரும் நிதானமாகக் கேட்பார். அந்தப் பேச்சில் மருமகளும் பக்கத்தில் இருக்க வேண்டும். நோய் என்ன, பிழைப்பாரா என்ற கேள்விகள் வந்தால் "அதை டாக்டர்தான் சொல்லணும், நாளைக்கு ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் பேச வைக்கேன்" என்று சொல்லப் பழக்குங்கள். சொன்னால் மறுநாள் பேச வைக்கவும் வேண்டும்.

அமர்வின் பின்பாதியில் மூன்று அட்டைகளையும் நடித்துப் பாருங்கள். 6 நிமிடம் நடிப்பு, 4 நிமிடம் கருத்து. ஒருவர் நர்ஸ், ஒருவர் உறவினர், ஒருவர் பார்வையாளர். பிறகு இடம் மாற்றுங்கள். கருத்துச் சொல்லும் வரிசை முக்கியம்: முதலில் நர்ஸாக நடித்தவர், அடுத்து உறவினராக நடித்தவர், பிறகு பார்வையாளர், கடைசியில் பயிற்சி கொடுப்பவர். பயிற்சி கொடுப்பவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் அவர் சொன்னதையே சொல்வார்கள். முதல் சுற்றில் பெரும்பாலும் ரகசியம் வெளியே வராது. வராமல் போவதுதான் நல்லது. அட்டையைத் திருப்பிக் காட்டும்போது வகுப்பில் விழும் அமைதி எந்த விளக்கத்தையும்விடக் கற்றுக்கொடுக்கும்.

திருப்பிச் சொல்ல வைப்பது

"மனசிலாச்சா?" என்று கேட்டால் "ஆங், மனசிலாச்சு" என்றுதான் பதில் வரும். படித்தவரும் அப்படித்தான் சொல்வார். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. அதுவே நர்ஸை ஏமாற்றும். பத்திரிகை படிக்கிறவருக்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள "1-0-1" புரிந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். நடுவில் உள்ள பூஜ்யத்தைப் பொருட்படுத்தாமல் உச்சைக்கும் (மத்தியானத்துக்கும்) சேர்த்துக் கொடுக்கிற வீடுகள் உண்டு.

முறை இதுதான். ஒரு தடவைக்கு இரண்டு அல்லது மூன்று விஷயம், அதற்கு மேல் வேண்டாம். சொன்னதும் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்கிற விதத்தில் பாரம் நர்ஸ் மேல் இருக்க வேண்டும், வீட்டார் மேல் விழக் கூடாது.

"அக்கா, நான் கொஞ்சம் வேகமாச் சொல்லிட்டேனோன்னு இருக்கு. வீட்டுக்குப் போனதும் அண்ணன் கேப்பாங்கல்லா, இந்தப் பிரஷர் மாத்திரைய எப்பக் குடுக்கணும்னு? என்ன சொல்லுவிய?"

"காலத்தே ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்ட பொறவு."

"சரி. ஒரு நேரம் மறந்து போச்சுன்னா?"

"அடுத்த நேரம் ரெண்டாக் குடுத்திருவேன்."

வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. அதாவது எங்கே தவறும் என்பது தெரிந்துவிட்டது. இனி "அப்படிக் குடுக்கவே கூடாது!" என்று குரலை உயர்த்தினால் அந்த அக்கா அடுத்த கேள்விக்கு உண்மையைச் சொல்லமாட்டார். "பலரும் அப்படித்தான் நினைப்பாங்க. ரெண்டாக் குடுத்தா பிரஷர் ஒரேயடியா இறங்கி தலை சுத்திக் கீழ விழுந்துருவாங்க. மறந்தா அத விட்டுருங்க, அடுத்த நேரத்துக்கு உள்ளத மட்டும் குடுங்க" என்று காரணத்தோடு சொல்லி, மறுபடி கேட்க வேண்டும். மூன்றாவது தடவையும் தவறினால் குறை வீட்டாரிடம் இல்லை. படம் வரையுங்கள், கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், அல்லது வீட்டில் வேறு ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

பயிற்சியில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று உண்டு. நர்ஸ்கள் இதைப் பள்ளிக்கூடத்து வாய்மொழித் தேர்வு போல ஆக்கிவிடுவார்கள்: "சொல்லுங்க பாக்கலாம்?" தன் மகள் வயதுப் பெண் வார்டு நடுவில் நிறுத்தி இப்படிக் கேட்டால் எழுபது வயதுப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "தாத்தா", "அம்மா", "அண்ணா" என்று அழைத்து, நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசும் வீட்டார் வந்தால் அந்த மொழி தெரிந்த சிஸ்டரையே பேசச் சொல்லுங்கள். நோயாளியின் பத்து வயதுப் பேத்தியை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள்.

"இதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு?" என்ற கேள்வி வராத வகுப்பே இருக்காது. நியாயமான கேள்வி. டிஸ்சார்ஜ் நாளில் நேரம் நிச்சயம் இருக்காது. சம்மரி கைக்கு வர உச்சை ஆகிவிடும், கூட நிற்பவர் மருந்துக் கடை வரிசையில் நிற்பார், வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார். அந்த நேரத்தில் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. ஆகவே அந்த நாளில் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதை வார்டு விதியாகவே வையுங்கள். டியூப் வழியே உணவு கொடுப்பதை ஒவ்வொரு வேளையும் நர்ஸ் செய்யத்தானே செய்கிறார்? அப்போது மருமகளைப் பக்கத்தில் நிறுத்தினால் தனி நேரம் தேவையில்லை. முதல் நாள் அவர் பார்க்கட்டும், இரண்டாம் நாள் கூடச் சேர்ந்து செய்யட்டும், மூன்றாம் நாள் அவர் செய்ய நாம் பார்ப்போம். மாத்திரை விளக்கம் முந்தின நாள் சாயங்காலம். கடைசி நாளில் 5 நிமிடம் சரிபார்ப்பு மட்டும்.

மாத்திரை, ஊசி, டியூப்

மூன்றாவது அமர்வு கைவேலை. இங்கே பேச்சும் பொருளும் சேர்ந்தே போக வேண்டும்.

மாத்திரையில் முக்கால்வாசிக் குழப்பம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மருந்தால் வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கியது, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்தது, தனியார் டாக்டர் எழுதியது என்று ஒரு பை இருக்கும். அரசு மருத்துவமனை மாத்திரை மருந்தின் பெயரிலேயே வரும், வெளிக்கடையில் அதே மருந்து கம்பெனிப் பெயரில் இருக்கும். பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் போடுவார்கள். பையை அப்படியே கொண்டுவரச் சொல்லி மேசையில் கொட்டுங்கள். டாக்டர் எழுதியதோடு ஒப்பிட்டு மூன்று குவியல்: தொடர வேண்டியது, நிறுத்த வேண்டியது, புதியது. சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் குவியலில் வைக்க வேண்டும். நிறுத்திய மருந்தைத் தனிக் கவரில் போட்டு மேலே பெரிதாக "நிறுத்தியது" என்று தமிழில் எழுதுங்கள்.

"வெள்ளை மாத்திரை, சின்ன மாத்திரை" என்று அடையாளம் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அடுத்த மாதம் வேறு கம்பெனி சப்ளை வந்தால் நிறம் மாறிவிடும். மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும்.

இன்சுலினில் உயிர் போகிற தவறு சிரிஞ்சில் இருக்கிறது. குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி யு-40 சிரிஞ்ச். பேனாவில் வரும் கார்ட்ரிட்ஜில் 1 மி.லி.க்கு 100 யூனிட். பேனா உடைந்துவிட்டதென்று கார்ட்ரிட்ஜிலிருந்து யு-40 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட், நோயாளி மயங்கிவிடுவார். மாறாக, 40 யூனிட் குப்பியை ஆரஞ்சு மூடி யு-100 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் போவது 8 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. இரண்டையும் சலைன் வைத்து வகுப்பிலேயே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டாரிடம் இத்தனை கணக்கும் சொல்ல வேண்டியதில்லை. காலிக் குப்பியையும் சிரிஞ்சு மூடியையும் கடையில் காட்டி அதே போல வாங்கச் சொன்னால் போதும்.

அண்டி ஆபீஸ் அட்டையில் கேட்க வேண்டிய கேள்வி: "ஊசி போட்டு எவ்வளவு நேரத்துல சாப்பிடுவிய?" பத்து மணிக்கு என்று பதில் வந்தால் டாக்டரிடம் சொல்லி நேரத்தையோ மருந்தையோ மாற்றும் வரை அவரை அனுப்பக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி குடிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் குப்பியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தண்ணீர் தெளித்த மண்பானையில் வைக்கலாம்.

மூக்கு டியூப் கேஸில் பேச்சு இரண்டு இடத்தில் உடையும். ஒன்று, பாசம். பார்க்க வருகிற சொந்தக்காரர் "ஒரு மடக்கு சாயா குடுத்தா என்ன?" என்பார். "வாய் வழியா குடுக்காதீங்க" என்ற உத்தரவு அந்தப் பாசத்தின் முன் நிற்காது. காரணம் சொன்னால்தான் நிற்கும்: "விழுங்கற தசை இப்ப வேலை செய்யல. குடுக்கறது வயித்துக்குப் போகாம நுரையீரலுக்குப் போகும். இருமல்கூட வராம போகும், அதனால உங்களுக்குத் தெரியாது." மருமகள் இதையே சொந்தக்காரரிடம் சொல்கிற மாதிரி ஒரு தடவை நடிக்க வையுங்கள். வார்டில் சிரிப்பார்கள், வீட்டில் அந்த வாக்கியம் தானாக வரும்.

இரண்டாவது, டியூப் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது. திரும்பத் தள்ளிவிடுவார்கள். மூக்கோரத்தில் பேனாவால் கோடு போட்டுக் காட்டி, கோடு நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாமல் அழைத்து வரச் சொல்ல வேண்டும். மற்றது செய்முறை: தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்வு, சிரிஞ்சை அழுத்தாமல் தானாக இறங்க விடுவது, முடிந்ததும் 30 மி.லி. தண்ணீர், அரை மணி நேரமாவது சாய்க்காமல் வைப்பது. யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. ஆட்டோவில் ஏற்றும்போது மடியில் வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

ஆசான், எண்ணெய், கஷாயம் பற்றிப் பேச்சு வந்தால் முகம் சுளிக்கக் கூடாது. வர்மமும் நாட்டு வைத்தியமும் வேரூன்றிய மாவட்டம் இது. சுளித்தால் மறைப்பார்கள், அவ்வளவுதான். உணர்ச்சி இல்லாத கையில் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் வெந்து போகும், செயலிழந்த தோளைப் பிடித்து இழுத்தால் மூட்டு விலகும், டியூப் வழியே கஷாயம் ஊற்றக் கூடாது என்று மூன்றையும் காரணத்தோடு சொல்லி, போவதற்கு முன் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

தூத்தூர் அட்டைக்கு விடை எளிது. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை ஒரு நாள்கூடத் தானாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஸ்டென்டிலேயே ரத்தம் கட்டும். கடலுக்குப் போகலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். போகிற நாள் வந்தால் எத்தனை நாள் மாத்திரை கையில் வேண்டும் என்று மனைவியே எண்ணிச் சொல்ல வேண்டும். இதய நோயாளிகளில் மூச்சு வாங்கிக் கால் வீங்கியவர்களுக்குக் கருவாடும் ஊறுகாயும் கஞ்சியில் போடும் உப்பும் பற்றித் தனியாகப் பேசுங்கள். "உப்பைக் குறைங்க" என்றால் கறியில் குறைப்பார்கள், கருவாடு கணக்கில் வராது. தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்லி, மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லுங்கள்.

"ஏதாவதுன்னா வாங்க" என்பதற்கு அர்த்தமே இல்லை. நோய்க்கு ஏற்ப மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: உடனே 108, இன்றைக்கே வர வேண்டியது, அடுத்த தேதியில் சொன்னால் போதும்.

ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு, இங்கிருந்து வெளியே

ஐ.சி.யு.வை விட்டு வந்ததும் "இங்க யாருமே பாக்கல" என்ற புகார் வரும். மெஷின் சத்தமே தைரியமாக இருந்தது, அது நின்றுவிட்டது. மாற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டால் பாதிப் புகார் குறையும்: மெஷின் ஏன் தேவையில்லை, இனி எத்தனை மணிக்கொரு தடவை பார்ப்பார்கள், கூப்பிட என்ன செய்ய வேண்டும். வார்டு சிஸ்டரைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்து, கட்டில் பக்கத்திலேயே ஒப்படைக்க வேண்டும்.

திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ ரெஃபர் என்றால், எதிர்ப் பக்கத்துக்குப் போனில் சொல்லும் வரிசை நான்கு: இப்போதைய நிலைமை, பின்னணி, நம் கணிப்பு, அவர்களிடம் வேண்டுவது. யாரிடம், எத்தனை மணிக்குப் பேசினோம் என்று எழுதுங்கள். கடைசியாகக் கொடுத்த மருந்தும் நேரமும், ஸ்கேன் படங்களும் வீட்டார் கையில் இருக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று கேட்டால் நர்ஸ் ஊகித்துப் பதில் சொல்லவே கூடாது. காப்பீட்டுப் பிரிவுக்குக் கூட்டிப் போய்க் கேட்க வைக்கட்டும்.

"வீட்டுக்குக் கொண்டு போங்க"

நான்காவது அமர்வு இதற்கு. அவசரம் வேண்டாம். குணமாகாத நோயாளியை அனுப்பும்போது இந்த வாக்கியத்தை வீட்டார் "கைவிட்டுட்டாங்க" என்றுதான் கேட்பார்கள். "இனி ஒண்ணும் செய்யறதுக்கில்ல" என்பதைப் பயிற்சியிலேயே தடை செய்யுங்கள். செய்ய நிறைய இருக்கிறது: வலிக்கு மருந்து நேரம் தவறாமல், வாயை ஈரத் துணியால் துடைப்பது, இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைப்பது, மூச்சு வாங்கினால் தலையணையை உயர்த்தி விசிறுவது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் நோய்த்தணிப்பு நர்ஸுக்கு நம் வார்டிலிருந்தே போன் செய்து, அவர் வரும் நாளைக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கத்தோலிக்க வீட்டார் நோயில் பூசுதலுக்கு (எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்குக்கு) சாமியாரை வரவழைக்க நேரம் கேட்டால் ஆம்புலன்ஸைக் காக்க வையுங்கள்.

"அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் சிஸ்டர்" என்று மகள் கேட்பது இங்கே சாதாரணம். சரி என்றும் சொல்லக் கூடாது, முடியாது என்றும் வெட்டக் கூடாது. "தெரிஞ்சா என்ன ஆகும்னு பயப்படுதிய?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழக்குங்கள். பத்து விநாடி அமைதியைத் தாங்குவது பலருக்கும் கஷ்டம். பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடட்டும். அப்பாவே நேராகக் கேட்டால் பொய் சொல்லமாட்டோம் என்பதையும், அதை டாக்டரோடு சேர்ந்து பேசலாம் என்பதையும் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வகுப்பு முடிந்த பிறகு

வகுப்பில் நடித்தது வார்டில் இரண்டு வாரத்தில் மங்கிவிடும். அதனால் ஒவ்வொரு நர்ஸுக்கும் முதல் இரண்டு வாரத்தில் இரண்டு நிஜ டிஸ்சார்ஜைப் பயிற்சி கொடுத்தவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், இரண்டாம் மாதம் இன்னொன்று. பார்வைத் தாளில் ஐந்தே வரி: வீட்டில் பார்க்கப் போகிறவர் இருந்தாரா, மூன்று விஷயத்துக்கு மேல் ஒரே தடவையில் போனாரா, திருப்பிச் சொல்ல வைத்தாரா, தவறைக் காரணத்தோடு திருத்தினாரா, எப்போது திரும்பி வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாரா. மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் தாளுக்காகப் பேசுவார்கள்.

"விளக்கப்பட்டது" என்ற முத்திரையைத் தூக்கிவிட்டு, வீட்டார் செய்ததை எழுதச் சொல்லுங்கள்: "மகள் 12 யூனிட் சரியாக எடுத்துக் காட்டினார். சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்பதில் தடுமாறினார், மறுபடி சொல்லிக்கொடுக்கப்பட்டது." அடுத்த ஷிப்ட் சிஸ்டர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது இதில் தெரியும்.

வீட்டுக்குப் போன 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு போன். எல்லாருக்கும் முடியாவிட்டால் டியூப், இன்சுலின், ஸ்டென்ட், தனியாக வாழும் முதியவர் ஆகிய நான்கு வகைக்கு மட்டும். கேள்விகள்: இன்று காலை என்னென்ன மாத்திரை கொடுத்தீர்கள், எந்த மருந்தாவது கிடைக்கவில்லையா, சாப்பாடு எப்படிக் கொடுக்கிறீர்கள், எதைப் பார்த்துப் பயந்தீர்கள், அடுத்த தேதி எப்போது. "நல்லா இருக்காங்களா?" என்று தொடங்கினால் "இருக்காங்க" என்று முடிந்துவிடும். பதிலில் தவறு தெரிந்தால் போனிலேயே திருத்தி, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டி, எந்தத் தவறு அதிகம் வந்திருக்கிறதோ அதை அடுத்த குழுவுக்கான அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.